ஒரு கைகுலுக்கல் சொன்ன ரகசியம்!

குட்டீஸ்... படிக்கத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை செய்யலாமா?

உங்கள் வலது கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே உள்ள பகுதியை இடது கையால் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இதற்கு முன்கை என்று பெயர். இப்போது வலது கை விரல்களை மடக்குங்கள், விரியுங்கள். மறுபடியும் மடக்குங்கள், விரியுங்கள்.

பிடித்திருக்கும் இடத்தில் தோலுக்கு அடியில் ஏதோ நெளிகிறதா? மடங்குவது விரல், ஆனால் அசைவது முன்கை! வேடிக்கையாக இருக்கிறது அல்லவா?

காரணம் இதுதான். நம் விரல்களுக்குள் அவற்றை இயக்கும் தசை கிடையாது. விரலை மடக்கும் பெரிய தசைகள் எல்லாம் முன்கையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அங்கிருந்து கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி, உள்ளங்கை வழியாக விரல் நுனி வரை போகின்றன. பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுக்க, முன்னால் பொம்மை ஆடுமே, அதே மாதிரிதான்!

இந்தச் சின்ன விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்துத்தான், முடங்கிப் போன ஆயிரக்கணக்கான கைகளுக்கு ஒரு டாக்டர் மறுபடியும் வேலை கொடுத்தார். அந்தக் கதை தொடங்கிய இடம் எங்கே தெரியுமா? நம்ம செங்கல்பட்டு!

ரயிலில் ஏறுங்கள்!

நீங்கள் கருங்குழிப் பிள்ளைகள் என்றால் இந்த இடம் உங்களுக்குப் பக்கம்தான். கருங்குழி ஸ்டேஷனில் சென்னைப் பக்கம் போகும் ரயிலில் ஏறினால் அடுத்து படாளம். அதையும் தாண்டிப் போனால் செங்கல்பட்டு. மொத்தமே 20 கிலோமீட்டர் சொச்சம்தான். செங்கல்பட்டை ஒட்டியுள்ள திருமணியில், மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1924ல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை என்று தொடங்கிய இதை, 1955ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது.

1947ம் ஆண்டு இங்கே ஒருவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். ஆங்கிலேயர், ஆனால், பிறந்தது நம் கொல்லிமலையில்! 1914ல் பிறந்து, மலைக் குழந்தைகளோடு ஓடி, மரம் ஏறி, தமிழ் பேசி வளர்ந்தவர். பிறகு இங்கிலாந்து போய், முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றார். அதன்பின் டாக்டருக்குப் படித்தார். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணராகச் சேர்ந்தார்.

செங்கல்பட்டு மருத்துவமனையை அவருக்குச் சுற்றிக் காட்டியவர் ராபர்ட் காக்ரேன். தொழுநோய் சிகிச்சையில் புகழ்பெற்ற தோல் மருத்துவர் இவர். அங்கே இருந்தவர்களின் கைகளைப் பார்த்த பிராண்டுக்கு மனசு பிசைந்தது. பலருடைய விரல்கள் பறவையின் நகம் போல உள்ளே வளைந்து மடங்கியிருந்தன. அந்த விரலால் சாதம் பிசைய முடியாது. சட்டைப் பொத்தான் போட முடியாது. பேனா பிடிக்க முடியாது.

'இந்தக் கைகளுக்கு ஏன் யாருமே எதுவும் செய்யவில்லை?' என்று கேட்டார் பிராண்ட். 'நான் தோல் மருத்துவர். எலும்பு மருத்துவர்கள் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லையே' என்ற பொருளில் காக்ரேன் பதில் சொன்னாராம். பிராண்டுக்குச் சுருக்கென்று இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. கை மடங்கிய ஒரு நோயாளியிடம் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, 'முடிந்த அளவு அழுத்திப் பிடியுங்கள்' என்றார். பலமே இருக்காது என்று நினைத்தார். ஆனால், அந்த மனிதர் பிடித்த பிடியில் பிராண்டுக்கு உயிர் போகிற வலி! கையை விடுவித்துக்கொள்வதே பெரும்பாடாகிவிட்டது.

வலித்தாலும் அவர் மனதுக்குள் மத்தாப்பு பூத்தது. 'செயலிழந்த கை என்று எல்லாரும் சொல்கிறார்களே, பிறகு இந்த இரும்புப் பிடி எங்கிருந்து வந்தது? அப்படியானால், இந்தக் கையில் நல்ல தசைகளும் இருக்கின்றன!'

அந்தத் தசைகள் எங்கே இருந்தன? நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்களே... முன்கையில்!

கரண்ட் அடிக்கும் முழங்கை

முழங்கையை பெஞ்ச் முனையில் இடித்துக்கொண்டால், சுண்டுவிரல் வரை 'சுர்ர்' என்று கரண்ட் அடித்தது போல இருக்குமே, அனுபவித்திருக்கிறீர்களா? அங்கே ஒரு முக்கியமான நரம்பு, தோலுக்கு மிக அருகில் எலும்பை ஒட்டிப் போகிறது. நீங்கள் இடித்துக்கொண்டது அந்த நரம்பைத்தான்.

தொழுநோயை உண்டாக்கும் கிருமியை 1873ல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்தார். அந்தக் கிருமிக்குச் சூடு ஆகாது. உடம்பின் உள்பகுதியைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியான இடங்கள்தான் அதற்குப் பிடிக்கும். அதனால், தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளைத் தேடிப் பிடிக்கும். முழங்கை, மணிக்கட்டு, முழங்காலுக்கு வெளிப்பக்கம் போன்ற இடங்களில் நரம்பு வீங்கிக் கெட்டுப் போகும்.

நரம்பு என்பது கரண்ட் கம்பி மாதிரி. கம்பி அறுந்தால், அதற்கு அப்பால் உள்ள வீடுகளில்தான் விளக்கு எரியாது. முன்னால் இருக்கும் வீடுகளில் எரியும் அல்லவா? இங்கேயும் அப்படித்தான். உள்ளங்கையில் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள் செத்துப் போகின்றன. முன்கையில் இருக்கும் பெரிய தசைகள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கின்றன.

அந்தச் சின்னத் தசைகளின் வேலை என்ன? விரல்களை நேராக நீட்டி வைக்க உதவுவது. அவை போய்விட்டால், முன்கைத் தசைகள் எதிர்ப்பே இல்லாமல் விரலை மடக்கி இழுத்துவிடும். கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கத்து ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்!

பிராண்டும் அவரது குழுவினரும் செங்கல்பட்டில் ஏராளமானவர்களின் கைகளை விரல் விரலாகச் சோதித்தனர். எந்தத் தசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை, எங்கே தொட்டால் உணர்ச்சி இருக்கிறது என்று குறித்து வைத்தனர். எல்லார் கையிலும் ஏறக்குறைய ஒரே தசைகள்தான் கெட்டுப் போயிருந்தன. ஒரே தசைகள்தான் நன்றாக இருந்தன.

ஒரு டாக்டருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன வேண்டும்? 1948ல் வேலூரில் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார் பிராண்ட். நன்றாக இருக்கும் ஒரு தசையின் தசைநாணை எடுத்து, வேலை செய்யாத தசை பார்த்து வந்த வேலைக்குத் திருப்பி இணைத்தார். பொம்மலாட்டத்தில் ஒரு கயிற்றை அவிழ்த்து, வேறு இடத்தில் கட்டுவது போல!

ஆனால் குட்டீஸ், கயிற்றை மாற்றிக் கட்டினால் மட்டும் பொம்மை ஆடிவிடுமா? இனிமேல்தான் நம் கதையின் முக்கியமான கட்டமே!

கத்திக்கு முன்பும் பின்பும்

பல வருடங்களாக மடங்கியே இருந்த விரல் இறுகிப் போயிருக்கும். மூட்டைச் சுற்றியுள்ள சதையும் தோலும் குறுகியிருக்கும். துருப்பிடித்த கீல் உள்ள கதவில் புதுக் கைப்பிடி போட்டு என்ன பயன்? முதலில் கீலைச் சரி செய்ய வேண்டும். அதனால், அறுவை சிகிச்சைக்கு முன்பே விரல்களை நீட்டிப் பழக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்த பிறகு வேறொரு சிக்கல். நேற்று வரை ஒரு வேலை செய்த தசை, இன்று வேறு வேலை செய்ய வேண்டும். மூளைக்கு அது புரிய வேண்டாமா? சில வாரம் மாவுக்கட்டில் இருந்த கையை வெளியே எடுத்ததும், அந்த மனிதர் தன் கையைத் தானே புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அ, ஆ எழுதிப் பழகும் குழந்தை மாதிரி!

இதைச் சொல்லித் தருவதுதான் பிசியோதெரபி. தமிழில் இயன்முறை சிகிச்சை. வேலூரில் ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் பிராண்டோடு சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கினார். தினமும், பொறுமையாக, விரல் விரலாகப் பயிற்சி. டாக்டரின் கத்தி ஒரு சில மணி நேரம்தான் வேலை செய்யும். பயிற்சியோ பல வாரங்கள். பயிற்சியை விட்டுவிட்டால், செய்த அறுவை சிகிச்சை அத்தனையும் வீண்.

வேலூரில் இன்னொரு டாக்டரையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர் மேரி வர்கீஸ். 1954ல் நடந்த ஒரு விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இரண்டு கால்களும் செயலிழந்தன. அவர் முடங்கி விடவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார்! பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அதற்கான துறையையே தலைமை ஏற்று நடத்தினார். 1972ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும்?

மடங்கிய விரலை நீட்ட வேண்டும். சரி, எப்படி? பலமாகப் பிடித்து வெடுக்கென்று இழுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றுகிறதா?

கூடவே கூடாது! இதற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், தசைக்குள் இருக்கும் காவலாளி. திடீரென இழுக்கப்பட்டால், 'ஐயோ, கிழியப் போகிறேன்' என்று தசை பயந்துகொண்டு எதிர்த் திசையில் சுருங்கும். டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் தானாக எகிறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே காவலாளி வேலைதான் அது. தட்டும்போது தசை ஒரு நொடி இழுபடுகிறது, உடனே சுருங்குகிறது. ஆக, வெடுக்கென்று இழுத்தால் தசை நீளாது, எதிர்த்து நிற்கும். மெல்ல மெல்ல நீட்டி, அப்படியே பிடித்துக்கொண்டால், காவலாளி சமாதானமாகிவிடுவார். தசை தளர்ந்து கொடுக்கும்.

இரண்டாவது காரணம், காயம். பலத்தைக் காட்டினால் உள்ளே நுண்ணிய கிழிசல்கள் ஏற்படும். வீங்கும். ஆறும்போது தழும்பு உண்டாகும். தழும்பு சுருங்கும் குணம் உடையது. அதனால் விரல் முன்பைவிட இறுகிப் போகும்! நீட்டப் போய் மடக்கிய கதை ஆகிவிடும்.

பிராண்ட் குழுவினர் செய்தது என்ன தெரியுமா? விரலை, வலிக்காமல் எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு மட்டும் நீட்டி, அதே நிலையில் விரலுக்கு ஒரு குட்டி மாவுக்கட்டு போட்டனர். சில நாள் கழித்து அதை அவிழ்த்தால், விரல் இன்னும் கொஞ்சம் நீளும். அந்தப் புதிய நிலையில் மறுபடி ஒரு கட்டு. இப்படியே கட்டுக்கு மேல் கட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக விரல் நிமிர்ந்தது. தோலும் சதையும் கிழியவில்லை. அந்த நீளத்துக்குத் தகுந்தபடி வளர்ந்துகொண்டன.

'அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்று பாட்டி சொல்வாரே... அது இதுதான்! 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்றும் ஒரு பழமொழி உண்டு. வளையும் குட்டீஸ், அவசரப்படாமல் இருந்தால் வளையும்.

பூட்டும் பையனும்

ஒரு நாள் பிராண்ட் ஒரு துருப்பிடித்த பூட்டைத் திறக்க முயன்றார். சாவி அசையவே இல்லை. அங்கே நின்றிருந்த தொழுநோயாளியான சிறுவன், 'நான் திறக்கிறேன்' என்று சாவியை வாங்கினான். பத்து வயது இருக்கும், ஒல்லியான பையன். ஒரே திருகு... பூட்டு திறந்துகொண்டது!

பிராண்டுக்கு ஆச்சரியம். அடுத்த நொடி, தரையில் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தார். பையனின் விரலைப் பிடித்துப் பார்த்தால், சாவி விரலை எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டியிருந்தது. பையனுக்கோ எதுவுமே தெரியவில்லை. அவனுக்கு வலிக்கவில்லை!

தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுகிறது என்றுதான் அதுவரை எல்லாரும் நம்பினர். அது உண்மை இல்லை என்று பிராண்ட் குழுவினர் காட்டினர். நரம்பு கெட்டதால் வலி தெரியாது. சூடான பாத்திரத்தைப் பிடிப்பார்கள்; தெரியாது. காலில் முள் குத்தும்; தெரியாது. காயம் பட்ட இடத்திலேயே மறுபடி மறுபடி காயம் படும். தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரியாது! இதைக் கண்டுபிடித்த பிறகு, வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினர் என்றால் பாருங்களேன்!

வலியை நாம் எதிரி என்று நினைக்கிறோம். உண்மையில் வலிதான் நம் உடம்பின் நம்பகமான வாட்ச்மேன். நீங்கள் குனிந்து கால் கட்டைவிரலைத் தொட முயலும்போது, 'போதும், நிறுத்து' என்று சொல்வது அந்த வாட்ச்மேன்தான்.

வாட்ச்மேன் இல்லாத கைக்கு எப்படிப் பயிற்சி தருவது? கண்தான் வாட்ச்மேன்! பயிற்சிக்கு முன்னும் பின்னும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். சிவந்திருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, கொப்புளம் உண்டா? இருந்தால் பயிற்சிக்கு லீவு. கையைத் தண்ணீரில் ஊற வைத்து, எண்ணெய் தடவி, தோலை மிருதுவாக்கிய பிறகே விரலை நீட்ட வேண்டும். புறங்கையைத் தொடை மேல் வைத்து, மற்றொரு கையால் உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரை மெதுவாக நீவி, நேராக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு வேளைக்கு இத்தனை முறை, ஒரு நாளைக்கு இத்தனை வேளை என்று பிசியோதெரபிஸ்ட் கணக்குச் சொல்லி அனுப்புவார்.

பயிற்சிக்கும் உண்டு சீட்டு!

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. காய்ச்சலுக்கு டாக்டர் எழுதித் தரும் சீட்டில் '1 - 0 - 1' என்று இருக்குமே, பார்த்திருக்கிறீர்களா? காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று. ஒரே நேரத்தில் பத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டால் காய்ச்சல் பத்து மடங்கு வேகமாகப் போகுமா? ஆபத்துதான் வரும்!

உடற்பயிற்சியும் மருந்து மாதிரிதான். பிசியோதெரபிஸ்ட் நான்கு கேள்விகளுக்குப் பதில் யோசித்துத்தான் பயிற்சி எழுதுவார்.

என்ன பயிற்சி? நீட்டுவதா, பலம் கூட்டுவதா, மூச்சு வாங்க ஓடுவதா?

எவ்வளவு கடினம்? வெறும் கையாலா, எடை தூக்கியா?

எவ்வளவு நேரம், எத்தனை முறை?

வாரத்தில் எத்தனை நாள்?

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு எழுதியது உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கே இந்த வாரம் எழுதியது அடுத்த மாதம் பொருந்தாது. உடம்பு பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார். வலி வந்தால் குறைப்பார். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் செய்துவிட்டு ஆறு நாள் படுத்துக்கொள்வதைவிட, தினமும் பத்து நிமிடம் செய்வது மேல்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனமே ஒரு சீட்டு எழுதியிருக்கிறது! 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள், சராசரியாக தினமும் 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது, தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் ஆட்டங்கள் அதில் இருக்க வேண்டும். கபடி, பாண்டி, ஸ்கிப்பிங், ஓடிப்பிடித்து விளையாடுவது எல்லாமே கணக்கில் சேரும். கம்ப்யூட்டர் கேம்ஸ் மட்டும் சேராது... ஹி... ஹி...!

மாவுக்கட்டு பிரித்ததும்...

மரத்திலிருந்து விழுந்து கை எலும்பு முறிந்த நண்பர் உங்கள் வகுப்பிலும் இருப்பார். மாவுக்கட்டைப் பிரித்ததும் கை மெலிந்திருக்கும். முழங்கை முழுதாக நீளாது. பல வாரம் வேலை இல்லாமல் இருந்த தசை அப்படித்தான் இளைத்துப் போகும். பயப்பட வேண்டாம்.

அப்போது வீட்டில் சிலர், 'எண்ணெய் போட்டு நன்றாக முறுக்கி நீவினால் சரியாகிவிடும்' என்பார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால், முழங்கையில் இது ஆபத்து. அடிபட்ட முழங்கையைப் பலமாக நீவி, இழுத்து வளைத்தால், தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாக இறுகிப் போகக்கூடும். செங்கல்பட்டுக் கைகள் சொல்லித் தந்த பாடம் இங்கேயும் அதேதான். பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். டாக்டரோ, பிசியோதெரபிஸ்ட்டோ சொல்லித் தந்தபடி, அந்தப் பிள்ளை தானாகவே கையை மெதுவாக மடக்கி நீட்டுவதுதான் சரி. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்!

படாளத்திலிருந்து வேடந்தாங்கல் போகும்போது, மரக்கிளையில் ஓய்வெடுக்கும் பறவைகளைக் கவனியுங்கள். பறக்கும் முன், ஒரு பக்கத்து இறக்கையையும் அதே பக்கத்துக் காலையும் மெதுவாக நீட்டிச் சோம்பல் முறிக்கும். உங்கள் வீட்டு நாயும் பூனையும் தூங்கி எழுந்ததும் முதுகை வளைத்து நீட்டுமே... யார் சொல்லித் தந்தார்கள் அவற்றுக்கு?

நீங்களும் ஒன்று செய்யலாம். சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றுங்கள். ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்குங்கள். இன்னொரு காலைப் பின்னால் நேராக நீட்டி வையுங்கள்; பின்னங்கால் குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. கெண்டைக்கால் இழுப்பது தெரிகிறதா? அப்படியே 20 எண்ணுங்கள். பிறகு கால் மாற்றுங்கள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு, மூன்று முறை போதும்.

விதிகள் மறக்க வேண்டாம்: முதலில் ஐந்து நிமிடம் நடந்தோ, மெதுவாக ஓடியோ உடம்பைச் சூடாக்குங்கள். குதித்துக் குதித்து நீட்டாதீர்கள். மூச்சைப் பிடித்து வைக்காதீர்கள். இழுப்பு தெரியலாம்; வலி தெரியக் கூடாது. வலித்தால் உடனே நிறுத்துங்கள். பக்கத்தில் நிற்கும் நண்பனோடு போட்டி போடாதீர்கள். அவன் கால் வேறு, உங்கள் கால் வேறு. ஓட்டப் பந்தயத்துக்கு முன் காலை வீசி, ஆட்டி, சின்ன ஓட்டம் ஓடித் தயாராகுங்கள். இப்படி நின்று பிடிக்கும் நீட்டல்களைப் பந்தயம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிலைமை என்ன?

தொழுநோய் இன்று முழுவதும் குணமாகும் நோய். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களில் வந்தது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மாத்திரை சாப்பிட்டால் போதும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே தருகின்றனர். மருந்து சாப்பிடத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவும் என்ற பயமும் வேண்டாம். கை குலுக்கினால் ஒட்டிக்கொள்ளும் நோய் இது அல்ல.

ஆனால், மருந்து கிருமியைத்தான் கொல்லும். கெட்டுப்போன நரம்பைத் திருப்பித் தராது. அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். உடம்பில் வெளிறியோ, சிவந்தோ ஒரு படை இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தால், மறைக்காதீர்கள். அம்மா, அப்பாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். எல்லாத் தேமலும் தொழுநோய் அல்ல. டாக்டர் ஒரு நிமிடத்தில் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். வலிக்காத படை என்பதால்தான் பலர் வருடக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறார்கள். வாட்ச்மேன் தூங்கினால் நாம்தான் விழித்திருக்க வேண்டும்!

முன்பு நோய் வந்து கை, கால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்றும் பயிற்சியும் அறுவை சிகிச்சையும் தேவைப்படுகின்றன. திருமணி நிலையத்தில் அறுவை சிகிச்சைப் பிரிவும், இயன்முறை சிகிச்சைப் பிரிவும் அதற்காகவே உள்ளன. ஒவ்வொரு வருடமும் காந்தியடிகள் நினைவு நாளான ஜனவரி 30ம் தேதி, தொழுநோய் ஒழிப்பு நாளாக நம் நாட்டில் கடைப்பிடிக்கப்படுகிறது.

பால் பிராண்ட் 2003ல், 88 வயதில் காலமானார். செங்கல்பட்டில் அவர் கையைப் பிடித்த மனிதர் யார் என்று அநேகம் பேருக்குத் தெரியாது. ஆனால், அந்த ஒரு பிடி பல நாட்டு டாக்டர்களுக்குப் பாடமாகிவிட்டது. மற்றவர்கள் விலகிப் போன ஒருவரிடம் பிராண்ட் கையை நீட்டினார். அந்தக் கையிலிருந்தே விடை கிடைத்தது.

அடுத்த முறை ரயிலில் செங்கல்பட்டைக் கடக்கும்போது, உங்கள் விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பாருங்கள் குட்டீஸ். ஐந்து விரலும் சொன்னபடி கேட்கிறதே... அது எவ்வளவு பெரிய சொத்து! கை மடங்கிய ஒரு தாத்தாவோ பாட்டியோ உங்கள் பெட்டியில் ஏறினால், தள்ளி உட்காராதீர்கள். சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் கொடுங்கள். கொடுப்பீர்கள்தானே?